கும்பாவின் தூங்கும் முறை: ஸ்லாக்கிங்கை வைத்து ஒரு முழு ஆட்டம்

2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளி மொரீஷியஸைத் தாக்கியபோது ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் மின்சாரம் போய்விட்டது. பள்ளிகளும் மூடல். அக்காவும் அவள் மகளும் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காவடி விரதச் சமயம் என்பதால் அம்மா மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே காற்று ஊளையிட்டது. பதினொரு வயதுப் பிள்ளையை இரண்டு நாள் வீட்டுக்குள் எப்படி வைத்திருப்பது என்று யோசித்தபோதுதான் அலமாரியில் கிடந்த என் பழைய கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற கையடக்க ஆட்டக் கருவி ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே போகிமான் எமரால்டு கேசட் அப்படியே இருந்தது: போகிமான் என்ற பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் ஆட்டம். பவர் பேங்கில் சொருகினோம், உயிர் வந்தது. கேசட்டின் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, கடிகாரம் சார்ந்த நிகழ்வுகள் இனி நடக்காது, ஆட்டத்தை ஆடலாம் என்று ஒரு செய்தி வந்தது. பெர்ரிச் செடி வளராது, அவ்வளவுதான். சேமிப்புக்கு ஒன்றும் ஆகாது.

அந்த ஆட்டத்தில் அக்கா மகள் ஸ்லாக்கோத் என்ற போகிமானைப் பிடித்தாள். அதை ஸ்லாக்கிங்வரை வளர்த்துக் கதையை முடித்தாள். நான் முதலிலேயே வேண்டாம் என்றவன். என் கணிப்பு எங்கே சரியாக இருந்தது, எங்கே தவறியது, ஏன் தவறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களுடையது பிரெஞ்சுப் பதிப்பு. படிப்பவர்களுக்குப் பழகியவை என்பதால் ஆங்கிலப் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

குறையும் பலமும்

ஸ்லாக்கோத் பெட்டல்பர்க் காட்டில் கிடைக்கும். தென்படும் வாய்ப்பு 5 சதவீதம். 18-ஆம் லெவலில் விகோரோத்தாக மாறும், 36-இல் ஸ்லாக்கிங்காக. ஸ்லாக்கிங்கின் அடிப்படை எண்களைக் கூட்டினால் 670 வரும். கதையின் நடுநாயகமான க்ரௌடனுக்கும் கயோகருக்கும் அதே 670தான். காட்டுப் புதரில் பிடித்த ஒரு சோம்பேறி கடலையும் நிலத்தையும் ஆளும் தெய்வங்களுக்குச் சமமாக நிற்கிறது. தாக்குதல் 160, உயிர் 150, வேகம் 100.

இவ்வளவும் கொடுத்தவர்கள் ஒரு விலங்கையும் பூட்டினார்கள். முறை வைத்து ஆடும் சண்டையில், ஒரு முறை அடித்தால் அடுத்த முறை அது சும்மா கிடக்கும். இந்த இயல்புக்கு ஆங்கிலத்தில் ட்ரூவன்ட், பிரெஞ்சில் அப்சான்தெயிஸ்ம். இரண்டுக்கும் நம் பேச்சில் ஒரே சொல்தான்: மட்டம் போடுவது. முதல் சண்டையிலேயே அது படுத்துக் கிடந்ததைப் பார்த்து அவள் கிரியோலில் "லி பே தோர்மி!" என்று கத்தினாள். தூங்குகிறதாம். அப்புறம் பாட்டி சொன்ன ராமாயணம் நினைவுக்கு வந்து அதற்குக் கும்பா என்று பெயர் வைத்தாள். ஆறு மாதம் தூங்கி எழுந்தால் படையே நடுங்கும் கும்பகர்ணன். அதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது.

"மாமா, இத வச்சே கடைசி வரைக்கும் போலாமா?"

"வேணாம்மா. பாதி நேரம் தூங்கும். வேற ஏதாவது பிடி."

அவள் கேட்கவில்லை.

சின்ன வயதில்தான் கஷ்டம்

18-ஆம் லெவல்வரை நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஸ்லாக்கோத்தின் தாக்குதல் 60, வேகம் 30. மட்டம் போடும் அந்த விலங்கு முழுதாகப் பூட்டியிருக்கிறது, அதை ஈடுகட்டும் பலம் இன்னும் வரவில்லை. முதல் ஜிம்மில் (பேட்ஜ் வாங்கத் தலைவரோடு மோதும் இடம்) தலைவி ரோக்ஸான் வைத்திருப்பது பாறை வகை. கும்பாவின் நார்மல் வகை அடி அங்கே பாதிதான் ஏறும். அந்தச் சண்டையை அவளுடைய இன்னொரு போகிமான் மட்கிப்தான் முடித்தது. கும்பாவை முதலில் இறக்கி, உடனே மாற்றி, அனுபவப் புள்ளியில் பங்கு வாங்கிக்கொடுத்தே வளர்த்தாள். கதையில் வரும் ஒரு கடிதத்தை ஸ்டீவன் என்பவரிடம் சேர்த்த பிறகு டெவன் நிறுவனத்தில் எக்ஸ்ப் ஷேர் கிடைக்கும், அதை வைத்திருக்கும் போகிமானுக்குச் சண்டையில் இறங்காமலே அனுபவப் புள்ளி வரும். அது கிடைத்ததும் சிரமம் பாதியானது. இந்த இனத்தைக் கையில் எடுப்பவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

விகோரோத் ஆனதும் எல்லாம் தலைகீழ். அதற்கு ட்ரூவன்ட் கிடையாது. அதன் இயல்பு வைட்டல் ஸ்பிரிட், தூங்கவே தூங்காது. ஒவ்வொரு முறையும் அடிக்கும். அடுத்த பதினெட்டு லெவலுக்கு அது சாதாரணமான, நம்பிக்கையான போராளி. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

நார்மனிடம் கற்றது

நான்கு பேட்ஜ் கிடைத்ததும் நார்மனோடு மோதலாம். கதைப்படி அவர் நம் அப்பா. எமரால்டில் அவருடைய கடைசிப் போகிமான் 31-ஆம் லெவல் ஸ்லாக்கிங். நமக்கு 36-இல்தான் கிடைப்பதை அவர் ஐந்து லெவல் முன்னாலேயே வைத்திருக்கிறார். முதல் தடவை அந்த ஸ்லாக்கிங் அவளுடைய ஆட்களில் மூன்று பேரைச் சாய்த்தது. தோற்றாள்.

அன்று ராத்திரி தமிழ்ப் பாட நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து எதிரியின் ஒவ்வொரு முறைக்கும் ஓர் எழுத்து எழுதினாள். அடித்தால் "அ", தூங்கினால் "தூ". பக்கம் முழுக்க அ தூ அ தூ என்று போனது. எண்ணிப் பார்த்தால் நடுவில் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: "அது அடிக்கிறப்ப நாம எங்கயாவது ஒளிஞ்சிக்கிட்டா?"

114-ஆவது வழித்தடத்தில் டிக் என்ற டிஎம் (போகிமானுக்கு ஓர் அடியைக் கற்றுக்கொடுக்கும் பொருள்) கிடைக்கும். அதைத் தன் இன்னொரு போகிமான் லினூனுக்குக் கற்றுக்கொடுத்தாள். மறுநாள் சண்டையில் நடந்தது இது: முதல் முறை லினூன் மண்ணுக்குள் போய்விட்டது, ஸ்லாக்கிங்கின் அடி வெறும் தரையில் விழுந்தது. இரண்டாவது முறை ஸ்லாக்கிங் படுத்திருந்தது, லினூன் கீழிருந்து எழுந்து அடித்தது. மூன்றாவது முறை மறுபடி மண்ணுக்குள். லினூன் அதைவிட வேகமாக இருந்ததால் ஒரு தடவைகூட அடி வாங்காமல் நார்மனின் ராஜாவைச் சாய்த்தாள்.

நம் ஸ்லாக்கிங்குக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. எதிரில் இருப்பவர் முறைகளை எண்ணத் தெரிந்தவராக இருந்தால் ஸ்லாக்கிங் பரிதாபம். அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட், மண்ணுக்குள் ஒளியும் டிக், பறந்து தப்பும் ஃப்ளை எல்லாமே அதற்கு எமன். அதனால்தான் மனிதர்களோடு மோதும் போட்டிகளில் அதை வைத்து ஆடுவது கடினம். கதைக்குள் வரும் பயிற்சியாளர்கள் எண்ணுவதில்லை. அவர்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள். சாதாரண ஆட்டத்தில் ஸ்லாக்கிங் பிழைப்பது முதலில் இந்தக் காரணத்தால்.

36-இல் ஒரு பொத்தான்

36-ஐத் தொட்டதும் திரை மின்ன ஆரம்பித்தது. பி பொத்தானை அழுத்தினால் மாற்றம் நின்றுவிடும், விகோரோத்தாகவே இருக்கும். அழுத்து என்றேன். ஒரு கணக்கும் சொன்னேன்.

விகோரோத்தின் அடிப்படைத் தாக்குதல் 80. ஸ்லாக்கிங்கின் 160 அதற்குச் சரியாக இரட்டிப்பு. ஆனால் ஸ்லாக்கிங் அடிப்பதோ பாதி முறைதான். இரண்டு முறைக்கான மொத்த அடியைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. லெவலோடு சேர்த்து நிஜ எண்ணைக் கணக்கிட்டால் ஸ்லாக்கிங்குடையது இரட்டிப்பைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். அப்படியானால் தாக்குதலில் லாபமே இல்லை, தூக்கம்தான் மிச்சம் என்பது என் வாதம்.

கணக்கில் தப்பில்லை. அதிலிருந்து நான் எடுத்த முடிவுதான் தப்பு. இரண்டு பேருக்கும் சம்பளம் ஒன்றுதான், ஸ்லாக்கிங்குக்கு அதை முன்பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள். விகோரோத் இரண்டு முறையில் செய்வதை ஸ்லாக்கிங் முதல் முறையிலேயே செய்துவிடுகிறது. எதிரி அந்த ஓர் அடியிலேயே விழுந்தால் நாம் ஒரு அடி குறைவாக வாங்குகிறோம். விழாவிட்டால் முன்பணமாக வந்த லாபம் போய்விடும். ஆக, சராசரியை வைத்து இதை எடைபோடக் கூடாது. "ஒரே அடியில் விழுமா?" என்ற ஒரு கேள்விதான் முக்கியம். உயிர் 80-இலிருந்து 150 ஆனதையும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவள் பி-யை அழுத்தவில்லை. "பேரே கும்பாதானே மாமா, தூங்கட்டும்" என்றாள்.

தவறு எங்கே இருந்தது

மாறிய பிறகு முதல் வாரம் ஆட்டம் நன்றாகப் போகவில்லை. வழியில் நிற்கும் பயிற்சியாளர்களிடம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று போகிமான்தான் இருக்கும். கும்பா முதலாவதை ஒரே அடியில் சாய்க்கும். அடுத்து இரண்டாவது வரும். கும்பா படுத்திருக்கும், அந்த இரண்டாவது ஓர் அடி போடும். பிறகு கும்பா எழுந்து சாய்க்கும். மூன்றாவது வரும், மறுபடி படுக்கும். ஒவ்வொரு சண்டையிலும் பாதி உயிர் போனது. மருந்து தீர்ந்தது. "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று வேறு சொன்னேன்.

ஒரு சாயங்காலம் அவள் ஆப்ஷன் பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். "இந்த செட்னா என்ன மாமா? பக்கத்துல ஷிஃப்ட்னு ஒண்ணு இருக்கே."

அப்போதுதான் புரிந்தது. ஆட்டம் ஆரம்பித்த அன்றே சண்டை முறையை ஷிஃப்டிலிருந்து செட்டுக்கு மாற்றிவைத்தவன் நான். எனக்கு அப்படி ஆடித்தான் பழக்கம், கொஞ்சம் கடினமாக இருக்கும் என்பதற்காக. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷிஃப்டில் எதிராளியின் போகிமான் ஒன்று விழுந்து அடுத்தது வரும்முன், "நீங்களும் மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று ஆட்டம் கேட்கும். அதற்கு ஒரு முறையும் செலவாகாது. செட்டில் அந்தக் கேள்வியே வராது.

ஸ்லாக்கிங்குக்கு அந்தக் கேள்விதான் உயிர்நாடி. ட்ரூவன்ட் களத்தில் இருக்கும்வரைதான் எண்ணிக்கொண்டிருக்கும். வெளியே போய்விட்டு மறுபடி இறங்கினால் முதல் முறை அடிக்கத் தயாராக வரும். ஷிஃப்டுக்கு மாற்றிய பிறகு கும்பா ஒன்றைச் சாய்த்ததும், மட்கிப் வளர்ந்து ஆன ஸ்வாம்பர்ட் இறங்கும். ஸ்வாம்பர்ட் ஒன்றைச் சாய்த்ததும் கும்பா திரும்பி வரும். தூங்கும் முறை களத்தில் வரவே இல்லை. நோட்டில் "தூ" எழுத்து அபூர்வமாகிவிட்டது. ஒரு வாரமாக நான் அந்தப் பிராணிமேல் போட்ட பழி நான் அழுத்திய ஒரு பொத்தானுடையது. அவளிடம் அப்படியே சொன்னேன்.

பை திறக்கும் நேரம்

இன்னொன்றையும் அவள்தான் கண்டுபிடித்தாள். பெரிய சண்டைகளில் கும்பா களத்திலேயே நிற்க வேண்டியிருந்தால், அது தூங்கும் முறையில் பையைத் திறப்பாள். மருந்தோ எக்ஸ் அட்டாக்கோ கொடுப்பது போகிமானுடைய செயல் இல்லை, நம்முடையது. வேறு எந்தப் போகிமானுக்கும் மருந்து கொடுத்தால் ஓர் அடியை இழக்கிறோம். ஸ்லாக்கிங்குக்கு அந்த முறை ஏற்கெனவே வீண், அதனால் மருந்து இலவசம். 500 ரூபாய்க்கு ஓர் எக்ஸ் அட்டாக் (ஆட்டத்துப் பணம்தான், அவளுக்கு எல்லாமே ரூபாய்) கொடுத்தால் அடுத்த அடி ஒரு படி ஏறும்.

இதனால்தான் ஹைப்பர் பீம் விஷயத்தில் அவள் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. லிலிகோவ் கடையில் அந்த டிஎம் 7500. பலம் 150. எமரால்டு சேர்ந்த மூன்றாம் தலைமுறை ஆட்டங்களில் ஒரு அடி உடல்பலம் சார்ந்ததா இல்லையா என்பதை அதன் வகைதான் தீர்மானிக்கும். நார்மல் உடல்பலத்தில் சேர்வதால் ஹைப்பர் பீமும் அந்த 160-ஐ எடுத்துக்கொள்ளும். அடித்த பிறகு ஒரு முறை ஓய்வெடுக்க வேண்டும், ஆனால் ஸ்லாக்கிங் அந்த முறை எப்படியும் தூங்கப்போகிறது, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். இதைக் கேட்டால் இவர்களுக்கென்றே செய்த ஜோடி போலத் தோன்றும். நானும் வாங்கச் சொன்னேன்.

வாங்கி ஆடிப் பார்த்தாள். அடித்த மறுமுறை பட்டியலே திறக்கவில்லை. ஓய்வு கட்டாயம் என்பதால் ஆட்டம் நம்மிடம் எதுவும் கேட்காமல் தானாகவே அந்த முறையைக் கடத்திவிடுகிறது. பையைத் திறக்க முடியாது, மாற்றவும் முடியாது. நோட்டில் "தூ"வுக்குப் பதில் "பூ" என்று எழுதினாள். பூட்டு. அடியின் எண்ணிக்கை குறையவில்லை, போனது அந்த இலவச முறை. கடைசியில் அதை அழித்துவிட்டு ரிடர்னைக் கற்றுக்கொடுத்தாள். பாசம் உச்சத்தில் இருந்தால் ரிடர்னின் பலம் 102. காட்டில் பிடித்த நாள்முதல் கூடவே நடந்த கும்பாவுக்கு அது வேண்டிய அளவு இருந்தது.

மூன்று சண்டைகள்

மோஸ்டீப் ஜிம்மில் டேட், லிசா இருவரோடும் இரட்டைச் சண்டை. எமரால்டில் அவர்களிடம் க்ளேடால், ஸாட்டு, லூனடோன், சோல்ராக். நான்கும் சைக்கிக் வகை. இந்தத் தலைமுறையில் கோஸ்ட் (பேய்) வகை அடியும் உடல்பலம் சார்ந்தது என்பதால், மவுன்ட் பைரில் எடுத்த ஷேடோ பால் கும்பாவின் கையில் நான்குக்கும் இரட்டிப்பாக விழுந்தது. கும்பா தூங்கும் முறையில் பக்கத்தில் நின்ற ஸ்வாம்பர்ட்டின் சர்ஃப் இரண்டு எதிரிகளையும் சேர்த்து அடித்தது. ஒருவர் கண்ணயர்ந்தால் இன்னொருவர் காவல். இரட்டைச் சண்டையில் இந்தக் குறை பாதியாகக் கரைந்துவிடுகிறது. அவள் இருந்த இடத்திலிருந்து எழுந்து குதித்தாள்.

எதிர்மாறாகப் போனது, சாம்பியனுக்கு முன் வரும் நால்வரான எலைட் ஃபோரில் ஃபீபியோடு நடந்த சண்டை. பேய் வகை நார்மல் அடியை வாங்காது, ஆகவே ரிடர்ன் வீண். ஷேடோ பால் இருக்கிறதே என்று தைரியமாக இறக்கினாள். ஃபீபியின் டஸ்க்ளாப்ஸின் தற்காப்பு 130. அடி இரட்டிப்பாக ஏறியும் அது ஒரே அடியில் விழவில்லை. முன்பணம் வாங்கியும் வேலை முடியாத நிலை அதுதான். அந்த இடைவெளியில் கும்பாவைக் குழப்பிவிட்டது. குழப்பத்தில் ஒரு போகிமான் தன்னையே அடித்துக்கொள்ளும்போது அந்த அடி அதன் சொந்தத் தாக்குதல் எண்ணிலிருந்துதான் வரும். 160 திரும்பி கும்பாமேலேயே விழுந்தது. எதிரி போட்டதைவிடத் தானே போட்டுக்கொண்ட அடிதான் அதைச் சாய்த்தது. ஸ்லாக்கிங்கை வைத்திருப்பவர்கள் குழப்பத்தைக் கண்டதும் மாற்றிவிட வேண்டும். அவள் இரண்டாவது தடவை ஃபீபியிடம் கும்பாவை இறக்கவே இல்லை.

சாம்பியன் வாலஸ் எமரால்டில் நீர் வகை. டென்டக்ரூயலைக் கும்பா ஒரே எர்த்க்வேக்கில் முடித்தது. வெய்லார்டின் உயிர் மிக அதிகம், அங்கே அவளுடைய மற்ற போகிமான்களான ஸ்வெல்லோவும் கார்டவாரும் உழைத்தார்கள். மிலோடிக்குக்கு இரண்டு ரிடர்ன் தேவைப்பட்டது. நடுவில் வந்த தூக்கத்தில் அவள் அமைதியாகப் பையைத் திறந்து மருந்து கொடுத்தாள், எஸ்பியின் பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. நான் ஓடிப்போய் கேபிளைச் சொருகினேன். நோட்டில் அந்தச் சண்டையின் கடைசி வரி: அ தூ அ.

இது எதுவரை செல்லும்

கதையை முடிக்க ஸ்லாக்கிங் தாராளமாகப் போதும். அதற்கு மூன்று வேண்டும்: ஷிஃப்டில் வைத்திருக்க வேண்டும், பை திறந்திருக்க வேண்டும், அது ஓர் அடியில் சாய்க்க முடியாத எதிரி வரும்போது இறங்க இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் கஷ்டம்தான்.

கதை முடிந்ததும் திறக்கும் பேட்டில் ஃப்ரான்டியரில் முதல் இரண்டுமே கிடையாது. அங்கே பையைத் திறக்க விடமாட்டார்கள், மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்கவும் மாட்டார்கள். நானே சொல்லிப் பார்த்தேன், அப்படியும் கும்பாவோடுதான் அங்குள்ள பேட்டில் டவருக்குள் போனாள். இரண்டாவது சண்டையிலேயே தோற்றுத் திரும்பினாள். இப்போது கார்டவாருக்கு ஸ்கில் ஸ்வாப் கற்றுக்கொடுத்திருக்கிறாள். இரட்டைச் சண்டையில் அது கும்பாவோடு இயல்பை மாற்றிக்கொள்ளும். தூக்கம் கார்டவாருக்குப் போகும், கும்பா ஒவ்வொரு முறையும் அடிக்கும். நோட்டில் புதுப் பக்கம் திறந்து மேலே தேதி போட்டு, இரண்டு பத்தியாகக் கோடு இழுத்து வைத்திருக்கிறாள். ஒன்றின் தலைப்பு "கும்பா", மற்றது "கார்டவார்". இரண்டாவது பத்தியின் முதல் கட்டத்தில் "தூ" என்று பென்சிலால் முன்கூட்டியே எழுதியிருக்கிறாள்.